கரண்டுக்கு எழுபது நாள் ஓய்வு

கரண்டு எங்கள் வீட்டுக் காளை. இன்னும் ரெண்டு பல்தான், ரெண்டரை வயசு. ஆனாலும் காளைகளைத் தெருவில் ஓட விடுகிற எருது விடும் விழாவில் இறங்கின முதல் வருஷமே மாதனூர் பக்கம் ரெண்டு ஊரில் பரிசு அடித்தது. மாட்டுக் கொட்டாய் வாசலில் அந்தப் பரிசுக்குப் போட்ட ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்குகிறது. காளைக்குப் பக்கத்தில் என் அண்ணன் ஹேமந்த், கையில்லாத பனியனில் கையை மடக்கிக்கொண்டு நிற்கிறான். ரெண்டு பேருக்கும் திமில் ஒரே அளவு.

நான் பள்ளிகொண்டா தாண்டி ஒரு உறைவிந்து நிலையத்தில் லேப் டெக்னீஷியன். பொலிகாளைகளிடம் விந்து எடுத்து, சோதித்து, உறைய வைத்து, சினை ஊசிக்கு ஊர் ஊராக அனுப்புகிற இடம். தோல் பதனிடுகிற ஷாப்பில் இருபது வருஷம் நின்று என்னை பி.எஸ்சி. படிக்க வைத்த அப்பாவுக்கு, மகள் படித்ததில் பெருமை. மகள் பார்க்கிற வேலையைச் சொல்வதில் கூச்சம். யாராவது கேட்டால், "பொண்ணு ஆஸ்பத்திரி லேப்ல இருக்குது" என்பார். எந்த ஆஸ்பத்திரி என்று மேலே கேட்டால் இருமல் வந்துவிடும்.

நிலையத்துக்கு இளங்காளை எடுக்கிறார்கள் என்று வீட்டில் நான்தான் சொல்லித் தொலைத்தேன். ஹேமந்த் சோற்றுத் தட்டோடு எழுந்துவிட்டான்.

"நம்ம கரண்டைக் கொண்டாரேன் ஜோதி. அடுத்த வருஷம் ஃப்ளெக்ஸ்ல 'தேர்வான பொலிகாளை'ன்னு போட்டா ஆம்பூர் முழுக்க வயிறு எரியும்."

அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் சினைக்காகக் கரண்டிடம் மாடு ஓட்டி வந்துகொண்டுதான் இருந்தார்கள். பின் தெரு சவுரியம்மாள் தன் கிடாரியை மூன்று தடவை ஓட்டி வந்தாள். மூன்று தடவையும் சினை நிற்காமல் இருபத்தோராம் நாள் அது மறுபடி பருவத்துக்கு வந்து கத்தியது. "மாட்டுலதான்டி கோளாறு" என்று என் அம்மா கெங்கம்மாள் தீர்ப்பு சொன்னாள். சவுரியம்மாள் அதை அடிமாட்டு வண்டியில் ஏற்றிவிட்டாள். வண்டி கிளம்புகிற வரைக்கும் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றது என் அண்ணி மட்டும்தான்.

அண்ணி சௌந்தர்யா நெமிலிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. மூன்று ஆஸ்பத்திரி, ஐந்து ஸ்கேன், குழாய்க்குள் மருந்து விட்டு எடுக்கிற எக்ஸ்ரே வேறு. எல்லாக் காகிதத்திலும் நார்மல் என்றுதான் இருந்தது. அந்தக் காகிதங்களை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு பீரோ மேல் வைத்திருந்தாள். அண்ணன் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவான். பைக்கை விட்டு இறங்கியதில்லை.

கரண்டைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். பருத்திக்கொட்டை ஊறவைப்பது, தண்ணி காட்டுவது, சாணி அள்ளுவது. அண்ணன் போட்டோ எடுக்கும்போது மட்டும் கயிற்றைப் பிடிப்பான்.

மார்ச் மாதம் கரண்டு நிலையத்துக்கு வந்தது. பத்து நாள் அங்கேயே கட்டிப் பழக்கினோம். முன்னால் ஒரு மாட்டை நிறுத்தி, காளை ஏறும்போது வெந்நீர் நிரப்பிய ரப்பர் குழாயில் பிடிக்க வேண்டும். குழாயின் நுனியில் கண்ணாடிச் சிமிழ். பழகாத காளை பாதி நாள் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். கரண்டு அப்படி இல்லை. கதவைத் திறந்ததும் ஏறியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஹேமந்தும் அவன் ஜிம் தோஸ்துகளும் விசில் அடித்தார்கள்.

"இன்னா வேகம் பாத்தியாடா! பேருக்கேத்த மாதிரி!"

நான் சிமிழைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நல்ல காளையுடையது சுண்டக் காய்ச்சின பால் மாதிரி இருக்கும். இது அரிசி கழுவின தண்ணி. சூடான கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நல்ல விந்தில் கூட்டம் கூட்டமாகச் சுழல் அடிக்கும், புயல் படம் பார்க்கிற மாதிரி. இதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்தவை. பாதிக்குத் தலை இல்லை, வால் மட்டும் கிடந்தது. மூன்று நாள் விட்டு மறுபடி எடுத்தோம். அதே தண்ணிதான்.

எங்கள் டாக்டர் இஷ்தியாக் அகமது டேப்பை எடுத்து விரைப்பையைச் சுற்றி அளந்தார். இந்த வயதுக்கு இருபத்து நாலு சென்டிமீட்டராவது வேண்டும். பத்தொன்பதரைதான் இருந்தது.

"ஏறத் துடிக்குது, கழுத்து இப்படித் திரண்டிருக்கு, கீழ மட்டும் சுருங்கியிருக்கு" என்றார். "ஜோதிம்மா, உங்க வீட்ல இதுக்கு இன்னா ஊசி போடறாங்க?"

"தெரியாது சார்."

"தெரிஞ்சிகினு வா."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நேராக ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவில், முட்டைக்குப் பக்கத்தில், எண்ணெய் மாதிரி மருந்து இருந்த ஒரு சின்ன பாட்டில். லேபிளைப் படித்தேன். ஆண் ஹார்மோன். தினமும் அந்தக் கதவைத் திறந்து பால் எடுத்தவள் நான். ஒரு நாளும் படித்ததில்லை. பாட்டிலோடு ஒரு டப்பாவில் ரெண்டு வகை ஊசி. ஒன்று தடி ஊசி, மாட்டுத் தோலுக்கு. இன்னொன்று மெல்லிசு.

ஹேமந்த் கொட்டாயில் சிமென்ட் ஊற்றின டப்பாவைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா இது?"

"சத்து ஊசி. காளைக்கு. ஓட்டம் வேணாமா?"

"மெல்லிசு ஊசி யாருக்கு?"

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். "ஜிம்ல எல்லாரும் போடறாங்க. உனக்கு இன்னாடி இப்ப?"

"எவ்ளோ நாளா?"

"கல்யாணத்துக்கு முன்னருந்து. மண்டபத்துல ஃபிட்டா நிக்கணும்ல."

வெளியிலிருந்து ஊசியில் ஏற்றினால் உள்ளே இருப்பது வேலையை நிறுத்திவிடும், சுருங்கிவிடும், காளைக்கும் அதுதான், உனக்கும் அதுதான் என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், தங்கச்சி வாயில் வரக்கூடாத வார்த்தை வந்துவிட்ட பேஜார் மட்டும்தான் இருந்தது. சொன்ன விஷயம் காதுக்குள் போகவே இல்லை.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் நிலையத்துக்கு வந்தார்கள். டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். "ஊசியை நிறுத்துங்க. விந்து உண்டாகி வெளிய வர்றதுக்கு எழுபது நாள் ஆகும். எழுபது நாள் ஓட்டாதீங்க, மாடு விடாதீங்க. மனசு கோணாம வெச்சிகினு இருங்க. திரும்ப வர வாய்ப்பு ஜாஸ்தி."

யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அம்மா கரண்டின் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "பாவம், வாயில்லா ஜீவன். அது இன்னா பண்ணும்? ஊசி போட்டவங்க மேலதான் தப்பு." காளையை வீட்டுக்கு ஓட்டி வந்தார்கள். அன்றிலிருந்து அதற்குத் தனியாகப் பச்சைப் புல், தனியாக ஒரு டேபிள் ஃபேன். மாடு ஓட்டி வந்தவர்களிடம் அப்பா, "உடம்பு செரியில்ல, ஓய்வுல இருக்குது" என்று திருப்பி அனுப்பினார்.

சவுரியம்மாளிடம் நான் போய்ச் சொன்னேன், உங்கள் கிடாரியில் கோளாறு இல்லை என்று. அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது இன்னேரம் செருப்பா போய்ருக்கும் கண்ணு. இப்ப வந்து சொல்றியே."

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனிடம் கேட்டேன். "உனக்கும் அதே எழுபது நாள்தாண்ணா. கொஞ்சம் ஜாஸ்தியாவே வெச்சிக்க. நிறுத்திட்டு ஒரே ஒரு டெஸ்ட் எடு."

"நான் இன்னா காளையாடி?"

"காளையா இருந்தா கேட்டிருப்ப."

அம்மா கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டு தட்டினாள். "வாயை மூடு. ஆம்பளைக்கு ஒரு கோளாறும் கிடையாது. சித்திரை பொறக்கட்டும், எங்கண்ணன் காசிய வெச்சி பேசி முடிச்சிக்கலாம்."

பேசி முடிப்பது என்றால் என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணியை நெமிலிக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் பார்ப்பது. அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கொட்டாயில் கரண்டைக் குளிப்பாட்டிக்கொண்டே கேட்டாள். "ஜோதி, காளையோடது பாக்கற மிஷின்ல மனுஷனோடது தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"அப்ப பாத்து சொல்லு."

அடுத்த நாளே நிலையத்திலிருந்து ஒரு சுத்தமான சிமிழ் கொண்டு வந்து கொடுத்தேன். உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொண்டு வரவேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது என்று சொன்னேன். எப்படிப் பிடித்தாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டாக்டர் வருவதற்கு முன்னால், மாதனூரில் பஸ் ஏறி வந்து நின்றாள். ரவிக்கைக்குள் கை விட்டு எடுத்துக் கொடுத்தாள். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

சொட்டு வைத்துப் பார்த்தேன். தகட்டை நகர்த்தி நகர்த்தி இருபது இடம் பார்த்தேன். கரண்டுடையதிலாவது செத்தது கிடந்தது. இதில் செத்ததுகூட இல்லை. விளக்குப் போட்ட காலி ரூம் மாதிரி இருந்தது.

"ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல அண்ணி."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, வாய் மட்டும் அப்படிப் போனது. "மூணு வருஷமா செவ்வாக்கிழமை விரதம் இருக்கறேன் ஜோதி. டீகூட குடிக்காம. இன்னிக்கும் குடிக்கல."

நான் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னாள். "இத யாருக்கும் சொல்லாத. காசி மாமாகிட்ட தனியா பேசியிருக்கறேன். ஆடி வரைக்கும் பொறுங்கன்னு அவரு சொல்லுவாரு. அதுக்குள்ள உங்கண்ணன் ஊசிய நிறுத்த நான் வழி பண்றேன். கோவம் வராம சொன்னா கேப்பாரு. நீ குறுக்க வராத, சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் கையில் அடித்துத்தான் பண்ணினேன்.

சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் அண்ணன் காசி மாமா நடுவில். நெமிலியிலிருந்து அண்ணியின் அப்பா ஜெயப்பிரகாஷ், மடித்து வைத்த துண்டைத் தொடை மேல் போட்டுக்கொண்டு. அம்மா ஆரம்பித்தாள், என் பிள்ளை கரும்பு மாதிரி இருக்கிறான், வம்சம் வேண்டாமா, எத்தனை நாள் பார்ப்பது என்று. காசி மாமா எல்லாவற்றையும் கேட்டு முடித்து, தொண்டையைச் செருமினார்.

"செரி கெங்கா. மூணு வருஷம் பொறுத்தவங்க மூணு மாசம் பொறுக்க மாட்டமா? ஆடி வரைக்கும் பாக்கலாம். அப்பறம் உக்காருவோம்."

ஹேமந்த் தலையை ஆட்டினான். அண்ணியின் அப்பா துண்டை எடுத்து முகம் துடைத்தார். சமையல்கட்டு வாசலில் நின்ற அண்ணி, டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் பேசாமல் எழுந்து போயிருக்க வேண்டும்.

அம்மா எழுந்திருக்கும்போது முணுமுணுத்தாள். "ஆடி இன்னா, அடுத்த ஆடி இன்னா. மலடி மலடிதான்."

"குறை அவங்ககிட்ட இல்ல" என்றேன். "அண்ணன்கிட்டதான். நான் பாத்தேன்."

"இன்னாத்த பாத்த?" என்றார் காசி மாமா.

அண்ணி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. எனக்கு அது தெரிந்தது. ஆனால் வாய் ஏற்கெனவே போய்விட்டது.

"அண்ணன் விந்துல உயிரணு ஒண்ணுகூட இல்ல மாமா. நான் மைக்ராஸ்கோப்ல பாத்தேன். ஊசி போட்டுப் போட்டு அப்படி ஆய்டுச்சி. கரண்டுக்கு ஆன மாதிரியே. நிறுத்தினா திரும்ப வரும்."

நிலையத்தில் விந்து என்ற வார்த்தையை நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன். எங்கள் வீட்டு ஹாலில் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அப்பா இருமினார். ஊசி என்றேன், நிறுத்தினால் வரும் என்றேன், எழுபது நாள் என்றேன். எதையும் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அதைக் கேட்டது அம்மா.

"அது உன் கைக்கு எப்பிடிடி வந்திச்சி?"

"நான்தான் கேட்டேன்" என்று பொய் சொன்னேன். "அண்ணிக்கு இஷ்டமில்ல. நான் கட்டாயப்படுத்தினேன்."

எல்லாத் தலையும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. ஹேமந்தின் முகம் கறுத்து, கழுத்து நரம்பு தடித்துக்கொண்டு வந்தது. அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அழுகிற குரலில் சொன்னான். "கூடப் பொறந்தவகிட்ட... என்னோடத... இவ இனிமே இந்த வீட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன்."

"புருஷனோடத சிமிழ்ல புடிச்சி பஸ்ல எடுத்துகினு போயிருக்கா" என்றாள் அம்மா. "இவளா குடும்பம் பண்ணுவா?"

காசி மாமா செருப்பைத் தேடினார். "ஆடியும் வேணாம், ஒண்ணும் வேணாம். தீத்து அனுப்பிடுங்க."

இதெல்லாம்கூட நான் எதிர்பார்க்கக்கூடியதுதான். அண்ணியின் அப்பா ஒரு வார்த்தை கேட்பார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பொண்ணு மேல தப்பில்லன்னு ஆயிடுச்சே என்பார், ஊசியைக் காட்டு என்பார் என்று. அவர் எழுந்து நின்று, துண்டைக் கையில் சேர்த்து, என் அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடுங்க மாப்ள. நான் வளத்தது செரியில்ல."

அரை மணி நேரத்தில் அண்ணி ஒரு பை கட்டினாள். பீரோ மேலிருந்த காகிதப் பையை எடுக்கவில்லை. அவள் அப்பா தெருமுனையில் ஷேர் ஆட்டோ நிறுத்தப் போனார். அவள் கொட்டாய்க்குப் போய்க் கரண்டுக்குத் தண்ணி காட்டினாள். நான் பின்னால் போய் நின்றேன். மன்னிப்பு கேட்டேனா என்றுகூட ஞாபகமில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்லாதன்னு சொன்னேன் இல்ல?"

அவ்வளவுதான். போய்விட்டாள்.

நான் அந்த பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினேன். நாலாம் நாள் அதே இடத்தில், முட்டைக்குப் பக்கத்தில், புது பாட்டில் இருந்தது. அதையும் ஊற்றினேன். அம்மா ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட்டாள்.

எழுபத்திரண்டாவது நாள், ஜூன் மாதம், கரண்டு மறுபடி நிலையத்துக்கு வந்தது. டாக்டர் அளந்தார். இருபத்து நாலரை. சிமிழில் வந்தது பாலாடை நிறம். கெட்டிதான். நான் தகட்டை வைத்துக் குனிந்தேன். சுழல் அடித்துக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, முட்டி மோதிக்கொண்டு அத்தனை உயிர். அறுபத்தைந்து சதவீதம் நேராக ஓடியது.

"பாஸா?" என்றான் ஹேமந்த், கதவருகிலிருந்து. அண்ணி போனதிலிருந்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"பாஸ்."

"நானும் பாக்கலாமா?"

நகர்ந்து இடம் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடி, பெரிய கையை மேஜையில் ஊன்றி, குழந்தை மாதிரிப் பார்த்தான். "அடேயப்பா. இத்தினி இருக்குமா?" என்றான். அவன் முதுகு எனக்கு முன்னால் இருந்தது. இப்போது சொல்லலாம் என்று தோன்றியது. உனக்கும் இப்படி வரும் அண்ணா என்று. வாயைத் திறந்தேன்.

"ண்ணா..."

"இன்னா?" திரும்பினான். என் முகத்தைப் பார்த்ததுமே அவன் முகம் இறுகிக்கொண்டது. "ஆரம்பிக்காத. நல்ல நாள் அதுவுமா." வெளியே போய் அம்மாவுக்குப் போன் போட்டு, கரண்டு தேர்வாகிவிட்டது என்று கத்தினான்.

அன்றைக்கே சாயங்காலம் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். பழமும் பூவும் வாங்கப் போன அவசரத்தில் அம்மா ஃப்ரிட்ஜைப் பூட்ட மறந்திருந்தாள். திறந்து பார்த்தேன். பாட்டில் இருந்தது. டப்பாவில் தடி ஊசி இல்லை. மெல்லிசு ஊசி மட்டும் ஏழெட்டு புதிதாக.

"நானும் வர்றேம்மா" என்றேன்.

"உன் வாய் அங்க வேணாம்" என்றாள். வண்டி திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று, "எந்த ஊரும்மா? அதையாவது சொல்லு" என்று கேட்டேன். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நிலையத்திலிருந்து அண்ணிக்குப் போன் செய்தேன். ரெண்டு மாதமாக எடுக்காதவள், எடுத்தாள்.

"கரண்டு பாஸ் அண்ணி."

"எத்தினி?"

"அறுபத்தஞ்சு."

"எழுபது நாள்லயா?"

"எழுபத்திரண்டு."

அந்தப் பக்கம் யாரோ நெல் புடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள். "ஊசி இன்னும் இருக்குதா?"

"சின்னது இருக்குது."

"பொண்ணு பாத்துட்டாங்களா?"

"நேத்து போனாங்க."

"இப்ப சொல்லு ஜோதி. அந்தப் பொண்ணுகிட்டயாவது போய் சொல்லு. எந்த ஊரு?"

"எனக்கு சொல்லல அண்ணி."

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. எனக்கு ஒன்றும் வரவில்லை. பி.எஸ்சி. படித்த வாய், தேவையில்லாதபோது ஹாலே அதிரப் பேசின வாய்.

"கரண்டுக்கு மூக்கணாங்கயிறு அறுத்து புண்ணாயிருக்கும்" என்றாள் கடைசியில். "அங்க யாரும் பாத்திருக்க மாட்டாங்க. வேப்பெண்ணெ தடவு." வைத்துவிட்டாள்.

வெளியே கொட்டகையில் கரண்டு கட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். மூக்கின் இடது பக்கம் சிவந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. நான் வேப்பெண்ணெய் எங்கே இருக்கிறது என்று கேட்கப் போனேன்.